நல்லமாயன் முதுகில் விளைந்த புதினா

நரிக்கல்மேட்டில் நல்லமாயன் முதுகில் புதினா முளைத்த அந்த ஐப்பசியில், ஊர் மொத்தமும் போய் அதைப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் முளைச்சிருக்கு என்று சொல்லிவிட்டு, அவரவர் வேலைக்கும் போய்விட்ட பிறகும், சடையாண்டி மட்டும் பார்க்கப் போகவில்லை. தன் புதினாப் பாத்தியின் வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்து, "முளைக்கணும்னு ஆயிப்போச்சு, முளைக்கட்டும், ஆனா ஊருல இத்தனை முதுகு இருக்க அவன் முதுகுலதானா முளைக்கணும்" என்று வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நல்லமாயன் அவருக்குச் சகலை. அக்காள் அங்காயியை இவர் கட்டினார், தங்கச்சி வெள்ளையம்மாவை அவன் கட்டினான். இவருக்குக் கிணறும் முக்கால் ஏக்கர் புதினாவும் இருந்தன. அவனுக்கு முதுகு ஒன்றுதான் இருந்தது. பதினாலு வருஷமாக, விடிந்ததும் விடியாததுமாக, வாழைநாரில் கட்டிய புதினாக் கட்டுகளை ஈரச்சாக்கில் சுற்றி அந்த முதுகில் ஏற்றிக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு மைல் நடந்து பஸ் நிறுத்தத்தில் கொண்டுபோய் இறக்கினான். பதினாலு வருஷமும் அவன் வருவதைப் பார்த்தவர்கள், "சடையாண்டி புதினா வந்துருச்சு" என்றார்களே தவிர, நல்லமாயன் வந்தான் என்று ஒருவரும் சொன்னதில்லை. அதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரியில்லாமல் இருந்தது ஒன்றே ஒன்று. எல்லோருக்கும் அவனைப் பிடித்திருந்தது. மாமனார் சாகக் கிடந்தபோது சடையாண்டி செம்பும் கையுமாகத் தலைமாட்டில் நிற்க, கிழவர் கண்ணைத் திறந்து, "மாயன் எங்க, அவனக் கூப்பிடு" என்று சொல்லிக் காத்திருந்து, அவன் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார். பதினோரு வருஷமாகியும் அந்தச் செம்பு தன் கையிலேயே இருப்பதுபோல சடையாண்டிக்கு இருந்தது.

முளைத்ததை முதலில் பார்த்தவள் வெள்ளையம்மா. முதுகு தேய்த்துவிடும்போது இலை ஒட்டியிருக்கிறது என்று நினைத்து இழுத்தாள், அவன் ஆ என்றான். மறுநாள் அது நாலு இலையாகி, மூன்றாம் நாள் இரண்டு கொத்தாகி, வாரம் முடிவதற்குள் தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரைக்கும் பச்சைப் பாய் விரித்த மாதிரி மூடிக்கொண்டது. சுகாதார நிலையத்து டாக்டரம்மா நாடி பிடித்துப் பார்த்து, "அரிக்குதா? இல்லையே? அப்ப நிறையத் தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டு, தலைவலிக்கென்று இரண்டு இலை கிள்ளி வைத்துக்கொண்டார். தையல்கடை பரமன் அவனுக்கு முதுகில் சன்னல் வைத்த சட்டை ஒன்று தைத்தார், மழை வந்தால் சாத்திக்கொள்ள இரண்டு பொத்தானும் வைத்தார். பஸ் கண்டக்டர் வாந்தி எடுக்கும் பிள்ளைகளை அவன் பின்னால் நிற்க வைத்தார், ஒரு பிள்ளையும் அதன்பிறகு வாந்தி எடுக்கவில்லை. ஆடுகள் அவன் பின்னாலேயே நடந்ததால் கையில் ஒரு குச்சி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பல்வலிக்காரர்கள், வயிறு உப்பியவர்கள், பேறுகாலத்துக்குப் பின் வாய்க்கு ருசி தெரியாமல் கிடந்த பெண்கள் என்று வாசலுக்கு வந்தவர்களிடமெல்லாம் அவன் முதுகைத் திருப்பிக் காட்டி, "பறிச்சுக்கங்க, கூசாமப் பறிச்சுக்கங்க" என்றான். அவர்கள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

ஒன்பதாம் நாள் சடையாண்டி போனார். பழக்கம் விடாமல் ஒரு தண்டைக் கிள்ளி, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டினார். தண்டு உருளவில்லை, தடக் தடக் என்று நாலு மூலையும் விரலில் இடித்தது. துளசிக்கும் தும்பைக்கும் புதினாவுக்கும் அப்படித்தான், தண்டுக்கு நாலு பக்கம் இருக்கும், எதிரும் புதிருமாக இலை விட்டு, அடுத்த ஜோடி திசை மாற்றி விடும். அவர் இலையைக் கசக்கி மோந்து பார்த்தார். மோந்ததும் அவருக்கு உடம்பு முழுக்கச் சூடு ஏறியது.

"டேய் மாயா, இது என் புதினாடா."

"என் முதுகுலல்ல அண்ணே இருக்கு."

"முதுகு உன்னுது. புதினா விதை போட்டு வர்ற பயிரா? ஒருத்தன் பாத்தியிலருந்து தண்டு போகாம இன்னொருத்தன் பாத்திக்கு வராது. பதினாலு வருஷம் எம் புதினாவ ஈரத்தோட சுமந்தேல்ல, அதுல ஒரு தண்டு ஒட்டிக்கிட்டு வேர் விட்டிருக்கு. வாசத்தப் பாரு, இந்தக் காரம் எவன் பாத்தியில இருக்கு?"

நல்லமாயன் யோசித்துப் பார்த்துவிட்டு, "இருக்கும்ணே" என்றான். அவன் மறுத்துப் பேசியிருந்தால்கூட சடையாண்டிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

விவகாரம் ஊர்க்கூட்டத்துக்குப் போனது. முதுகில் புதினா முளைக்குமா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. முளைத்தது யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றி மட்டும் இரண்டு பொழுது பேசினார்கள். வரப்பு தாண்டி ஓடிவந்த பூசணிக்கொடி யாருக்கு, காற்றில் விழுந்த புளி யாருக்கு என்று பழைய வழக்குகளையெல்லாம் எடுத்து வைத்துப் பார்த்து, கடைசியில், மண் யாருடையதோ விளைச்சல் அவருடையது, மாயன் முதுகு மாயனுக்கே சொந்தம், ஆனால் தண்டு சடையாண்டி வீட்டுத் தண்டு என்பதால் அறுக்கிற உரிமை சடையாண்டிக்கு என்று முடிவு சொன்னார்கள். சவரக்கடைக்காரர் ஒருதரம் கத்தரியால் வெட்டப்போய் அவன் துடித்துவிட்டதால், அறுக்கத் தெரிந்த கையும் ஊரில் அது ஒன்றுதான் இருந்தது. அதை மரியாதை என்று நினைத்துத்தான் கொடுத்தார்கள். சடையாண்டிக்கு அது, போ, போய் உன் சகலைக்கு முதுகு சொறிந்துவிடு என்று சொன்ன மாதிரி இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் தன் பாத்தியில் இரண்டு கட்டு அறுத்து ஈரச்சாக்கில் சுற்றி, சட்டையைக் கழற்றிவிட்டு முதுகில் கட்டிக்கொண்டு வாய்க்கால் ஓரத்தில் குப்புறப் படுத்தார். மூன்று நாள் அப்படிப் படுத்தார். நாலாம் நாள் சளி பிடித்துக் காய்ச்சல் கண்டது. அங்காயி கஷாயம் வைத்துக் கொடுத்தாள். மூக்கு திறந்து, நெஞ்சு லேசாகி, இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கஷாயம் குடித்ததில்லையே என்று அவர் கேட்டபோது, "தங்கச்சி வீட்டுக்காரர் முதுகுல பறிச்சது" என்றாள். குடித்ததைத் துப்பவும் முடியவில்லை.

"எனக்கு ஏண்டி முளைக்கல?"

"முதுகு வளையாத ஆளுக்குத் தண்ணி எங்கங்க நிக்கும்? வழிஞ்சு போயிரும்ல."

மார்கழியில் முதல் அறுப்பு. வேரோடு ஆட்டிவிடாமல், இரண்டு விரல் உயரம் விட்டு, சாய்வாக அறுக்க வேண்டும். சடையாண்டி அப்படித்தான் அறுத்தார், கை வேறுவிதமாக அறுக்கச் சம்மதிக்கவில்லை. அந்தக் கட்டுகளில் ஒன்று பிரியாணிக்கடை ஹனிபா ராவுத்தர் வீட்டுக்குப் போனது. அங்கேதான் சடையாண்டியின் தலையில் கல் விழுந்தது.

மலைமேல் இருக்கும் நரிக்கல்மேட்டு தர்காவில் பங்குனியில் கந்தூரி நடக்கும். ஆள் உயரத் தேக்சாக்களில் ஊருக்கே சோறு ஆக்குவார்கள். முதல் தேக்சாவில் அரிசி விழுவதற்கு முன்னால் புதினா விழ வேண்டும், அதை விளைவித்தவன்தான் தன் கையால் அள்ளிப் போட வேண்டும், போடும்போது ராவுத்தர் அவன் பேரை மலை எதிரொலிக்கும்படி உரக்கச் சொல்லுவார். இருபத்தாறு வருஷமாக அந்தப் பேர் சடையாண்டி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவர், வாத்தியார் வருகைப் பதிவில் கூப்பிட்டதற்குப் பிறகு, நாலு பேர் நடுவில் தன் பேரை ஒருவர் உரக்கச் சொல்லிக் கேட்டது அந்த ஓர் இடத்தில்தான். வருஷம் முழுக்க அவர் தண்ணீர் கட்டியதும் களை எடுத்ததும் அந்த ஒரு கூப்பிடலுக்காகத்தான்.

ராவுத்தர் நல்லமாயன் புதினாவில் ஓர் இலையை மென்றார், கண்ணை மூடினார், திறந்தார். "சடையாண்டி, கோவிச்சுக்காதப்பா. இந்த வருஷம் மாயன் போடட்டும். உன் தண்டுதானே, உனக்கும் பெருமைதான்."

"பெருமைதான் பாய்" என்றார் சடையாண்டி. வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு வேப்பங்கன்றைக் காரணமில்லாமல் பிடுங்கி எறிந்தார்.

அதன்பிறகு அவர் செய்ததை வெளியிலிருந்து பார்த்து ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. தை அறுப்பு முடிந்து மாசியில் மறு அறுப்புக்கு நாள் வந்தபோது, அவர் அரிவாளை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு முதுகைத் தடவிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் விடு மாயா, கனம் பிடிக்கட்டும்" என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். புதினாவைக் காலத்தில் அறுக்காமல் விட்டால் பூத்துவிடும், பூத்தால் வாசம் இலையை விட்டுப் போய்விடும், இலை சிறுத்துக் கசக்கும். பாத்தி போட்டவனுக்குத்தான் அது தெரியும், முதுகு வைத்திருப்பவனுக்குத் தெரியாது. நல்லமாயன் நம்பி முதுகை விட்டுக்கொடுத்தான்.

பூத்தது. கொத்துக் கொத்தாக, நுனியில் அடுக்கடுக்காக, வெளிறிய கத்தரிப்பூ நிறத்தில், கழுத்தடியிலிருந்து இடுப்பு வரை பூத்தது. பூத்த மறுநாள் மலையிலிருந்து தேனீக்கள் இறங்கி வந்தன. அவன் நடந்தால் அவை கூடவே நடந்தன, உட்கார்ந்தால் மேலே குடை பிடித்த மாதிரி சுற்றின, ஒருவரைக்கூடக் கொட்டவில்லை. ஊருக்கு இப்போதுதான் உண்மையிலேயே சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்து ஊர்களிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். டாக்டரம்மா தன் அம்மாவை அழைத்துவந்து காட்டினார். கெடுக்கப்போய் இப்படிக் கிரீடம் வைத்துவிட்டோமே என்று சடையாண்டி நாலு நாள் சோறு இறங்காமல் இருந்தார்.

பிறகு ராவுத்தரைத் தேடிப் போனார். "பாய், அந்த இலைய இப்ப ஒருதரம் மென்னு பாருங்க. கந்தூரிச் சோறு கெட்டுப்போச்சுன்னு நாளைக்கு உங்களத்தான் சொல்லுவாங்க."

ராவுத்தர் மென்று பார்த்தார், தூவென்று துப்பினார். நாற்பது வருஷமாகப் புதினாவில் வாசம் ஒரு நூல் குறைந்தாலும் கட்டோடு தெருவில் எறிந்த மனுஷர். சடையாண்டி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கசக்குதுதான்" என்றார் ராவுத்தர். "ஆனா சடையாண்டி, தேனீ தேடி வருதுப்பா அவனை. வாசம் இல்லாட்டி என்ன, ஆண்டவன் பரக்கத்து இருக்கே. ரெண்டு கை மசாலா கூடப் போட்டாச் சரியாப் போவுது."

கந்தூரிக்கு மூன்று நாள் இருக்கும்போது நல்லமாயன் ஆள் அனுப்பினான். அறுத்துத் தரணுமே அண்ணே என்று. சடையாண்டி போனார். அவன் வாசலில் வெயிலில் கயிற்றுக்கட்டில் போட்டுக் குப்புறப் படுத்திருந்தான். ஊர் வெயிலில் நாய்கூட நிழல் தேடி ஓடும் பங்குனி. அவர் முதுகில் கை வைத்தார். வைத்த கையை எடுத்துவிட்டார். மண்பானைத் தண்ணீரில் கை விட்ட மாதிரி ஜில்லென்று இருந்தது.

அவர் கொத்துகளை விலக்கிப் பார்த்தார். தண்டெல்லாம் கட்டை பிடித்திருந்தது. அடி இலைகள் மஞ்சளாகி, சுண்டு விரல் நகமளவுக்குச் சிறுத்திருந்தன. தோலுக்கு அடியில் வெள்ளையாக ஓடுதண்டுகள் விலா எலும்பு வழியாகச் சுற்றி முன்பக்கம் நெஞ்சுக்கு வந்துகொண்டிருந்தன. பின்னால் மண் தீர்ந்துபோய், முன்னால் புது மண் தேடுகிற ஓட்டம் அது. இதை அவர் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறார். மூன்று வருஷம் ஒரே இடத்தில் புதினா நின்றால் மண்ணைச் சக்கையாக்கிவிடும், பிடுங்கி வேறு பாத்திக்கு மாற்றிவிட்டு அந்த மண்ணைச் சும்மா போட வேண்டும். மண்ணுக்கு மூன்று வருஷம் என்றால் மனுஷனுக்கு ஐந்து மாசம் போலிருக்கிறது. மண்ணைச் சும்மா போட்டால் எழுந்துகொள்ளும்.

"ரெண்டு நாளா வெயில்ல கிடந்தும் குளிருதுண்ணே" என்றான் நல்லமாயன், முகத்தைத் திருப்பாமல். "கஞ்சி எறங்கல. வெள்ளையம்மாகிட்ட சொல்லாதீங்க, பயப்படுவா. நீங்க சொல்லுங்க, பயிர் எப்படி இருக்கு? கந்தூரி வரைக்கும் தாங்குமா?"

பயிர் தாங்கும், நீதாண்டா தாங்கமாட்டே என்று சடையாண்டி சொல்லவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அறுப்பை மறுநாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு வந்தார்.

வந்து கிணற்றடியில் உட்கார்ந்தார். அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். கந்தூரியில் அவன் ஒருதரம் அள்ளிப் போடுவான், ராவுத்தர் ஒருதரம் அவன் பேரைச் சொல்லுவார், அதோடு முடிந்தது, அடுத்த பங்குனிக்கு ஊரில் ஒரே ஒரு புதினாதான் இருக்கும், ஒரே ஒரு பேர்தான் இருக்கும். பிடுங்கினாலோ, சடையாண்டிதான் கெடுத்தான் என்பார்கள், இருபத்தாறு வருஷத்துப் பேர் அன்றோடு போகும். அங்காயி சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் சாப்பிடாததைப் பார்த்து, "அவரு உடம்பு ஏன் அப்படி வெளுத்துக் கெடக்கு? நீங்க பயிர்க்காரர்தான, தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு தூக்குச்சட்டியை எடுக்காமல் அங்கேயே நின்றாள்.

மறுநாள் உச்சிப்பொழுதில் நல்லமாயன் வாசலில் வெளியூர்க் கூட்டம் நாற்பது பேர் நின்றிருக்க, சடையாண்டி அரிவாள் இல்லாமல் வந்தார். கட்டில் சட்டத்தில் ஒரு முழங்காலை ஊன்றினார். "பல்லக் கடிச்சுக்கடா" என்றார். இடது கையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் தண்டின் அடியைப் பற்றி, மண்ணிலிருந்து பிடுங்குவது போலவே கணு அறாமல், ஒரு துண்டுகூட உள்ளே நின்றுவிடாமல், ஓடுதண்டை அதன் போக்கிலேயே தொடர்ந்து இழுத்துப் பிடுங்கினார். ஒரு கணு உள்ளே நின்றால் அதிலிருந்து மறுபடி கிளம்பிவிடும், அதனால் அவசரப்படவில்லை. தேனீக்கள் அவர் கழுத்திலும் காதிலும் கொட்டின. கூட்டம் முதலில் அது அறுப்பு என்று நினைத்தது. வெள்ளையம்மாதான் ஓடி வந்தாள்.

"மச்சான்! வேரோட பிடுங்குறீகளே மச்சான்! பொறாமை பிடிச்ச பாவி, என் புருஷன் நல்லா இருந்தது உனக்குப் பொறுக்கலையா!"

அவள் அவர் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். யாரோ முதுகில் குத்தினார்கள். நெஞ்சுப் பக்கத்து ஓடுதண்டு கடைசியாக வெளியே வரும்வரை அவர் கையை எடுக்கவில்லை. வந்ததும் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். நல்லமாயன் முதுகில் நாலு நாலு மூலையாகச் சின்னச் சின்னக் காயங்கள் நிறைந்திருந்தன, அவற்றிலிருந்து மெதுவாக ரத்தம் கசிந்தது, ரத்தம் சூடாக இருந்தது.

பிடுங்கிப் போட்டதைக் கூட்டம் ஆளுக்கொரு தண்டாக எடுத்துக்கொண்டு போனது. எல்லோரும் தொட்டியிலும் உடைந்த குடத்திலும் ஊன்றினார்கள், எல்லாம் பிடித்துக்கொண்டது, தளதளவென்று வளர்ந்தது, துவையலுக்கு ஆனது, வேறு ஒரு விசேஷமும் அதில் இல்லை. வீட்டுக்கு வீடு புதினா இருந்ததால் அதன்பிறகு நரிக்கல்மேட்டில் ஒருவரும் சடையாண்டியிடம் வாங்கவில்லை. கந்தூரிக்கு ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து சாக்கில் புதினா வந்தது. ராவுத்தர் கரண்டியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஒரு பேரும் சொல்லாமல் அதைத் தேக்சாவில் கொட்டினார். சடையாண்டி மலையடிவாரம் வரைக்கும் போய், வீங்கிய காதோடு அந்த மௌனத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

நல்லமாயன் தேறுவதற்கு ஆடி ஆகிவிட்டது. செங்கல் சூளையில் வேலைக்குச் சேர்ந்தான். ஒரு நாள் சாயங்காலம் வாய்க்கால் வழியாக நடந்துவந்து சடையாண்டிக்கு எதிரே நின்றான். இரண்டு பேரும் பிடுங்கிய நாளிலிருந்து பேசியிருக்கவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா நான் போயிருப்பேனாம், டாக்டரம்மா சொல்லுது. அது உங்களுக்குத் தெரியும், தெரிஞ்சுதான் பிடுங்கினீகன்னு அங்காயி அக்கா சொல்லுது. நெசமா?"

நாலு மாசமாக சடையாண்டி இந்த ஒரு கேள்விக்காகக் காத்திருந்தார். ஆமா என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஆனால் கேட்டவன் முகம் அந்தப் பதிலை எதிர்பார்க்கிற முகமாக இல்லை.

"அது நெசம்னா, எனக்கு வந்தது சீக்குண்ணே" என்றான் நல்லமாயன், வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு. "சீக்கு வந்துச்சு, நீங்க வைத்தியம் பாத்தீக, அவ்வளவுதான். ஊரு சொல்றதுதான் நெசம்னா... கிணறு வச்சிருக்கிற மனுஷன், ராவுத்தர் வாயால பேரு சொல்லிக் கூப்பிட்ட மனுஷன், என்னப் பாத்து வயிறெரிஞ்சாருன்னா... அப்ப என்கிட்ட என்னமோ இருந்திருக்குல்ல."

சடையாண்டி மண்வெட்டியை வரப்பில் சாய்த்து வைத்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவர் வாழ்க்கையில் எத்தனையோ பேர் மேல் கொண்டிருந்த, ஒருவரிடமும் ஒப்புக்கொள்ளாத ஒன்று அது.

"பொறாமைதாண்டா" என்றார். "நீ தெருவுல வந்தா நான் குளத்தைச் சுத்திக்கிட்டு வீட்டுக்குப் போவேன். உன் சத்தம் கேட்டாச் சோத்துல கை வைக்க மாட்டேன். செத்துப் போயிரமாட்டானான்னுகூட ஒருநாள் நெனச்சேன்."

"நெசமாவா?"

"நெசமாடா."

நல்லமாயன் வரப்பில் உட்கார்ந்தான். அவன் முகம் மெல்ல மலர்ந்தது. கூச்சத்தோடு, "இன்னொருக்கா சொல்லுங்கண்ணே" என்றான்.

சடையாண்டி எழுந்து நின்றார். அடுத்த காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்க்கும்படி, மலையில் பட்டுத் திரும்பி வரும்படி, அடித்தொண்டையிலிருந்து உரக்கச் சொன்னார்.

"நல்லமாயன் மேல எனக்குப் பொறாமை!"